சான்றிதழோடு நின்றுவிட்ட இரண்டு நடிப்புகள்: நல்லாண்டி, இந்திரன்ஸ், 69ஆவது தேசிய விருது

2021ஆம் ஆண்டுக்கான 69ஆவது தேசியத் திரைப்பட விருதுகள் 2023 ஆகஸ்ட் 24 அன்று அறிவிக்கப்பட்டன. சிறந்த நடிகர் விருது 'புஷ்பா' படத்துக்காக அல்லு அர்ஜுனுக்குச் சென்றது. தெலுங்குத் திரையுலகிலிருந்து அந்த விருதைப் பெற்ற முதல் நடிகர் அவர் என்பதால் அன்றைய செய்திகள் பெரும்பாலும் அவரைச் சுற்றியே அமைந்தன. அதே பட்டியலின் கடைப்பகுதியில், சிறப்புக் குறிப்பு என்ற தலைப்பின்கீழ், 'கடைசி விவசாயி' படத்தில் நடித்த மறைந்த நல்லாண்டியின் பெயரும் 'ஹோம்' என்ற மலையாளப் படத்தில் நடித்த இந்திரன்ஸின் பெயரும் இருந்தன. தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளில் முதல் பெயரைப் பற்றியும் கேரளத்தில் இரண்டாவது பெயரைப் பற்றியும் தனித்தனியே பேசினார்கள். இரண்டு பெயர்களையும் ஒரே மூச்சில் பேசிய இடம் குமரி மாவட்டம்தான். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று எங்கே இரண்டு சினிமா ரசிகர்கள் சேர்ந்தாலும், இந்த இருவரும் கௌரவிக்கப்பட்டார்களா, ஓரங்கட்டப்பட்டார்களா என்ற வாக்குவாதம் அந்த நாள்களில் எழாமல் இருந்ததில்லை. அந்த வாதத்தில் இரு தரப்பும் சொன்னவற்றைப் பதிவுகளோடு ஒப்பிட்டு ஒரு முடிவுக்கு வர முயல்வதே இந்த ஆய்வு.

முதலில் ஒரு வரையறை தேவை. விருது என்பது பலரில் ஒருவருக்குப் போவது. கிடைக்காத ஒவ்வொருவரும் புறக்கணிக்கப்பட்டவர் ஆகிவிட மாட்டார். நமக்குப் பிடித்த நடிகருக்குக் கிடைக்கவில்லை என்ற மனக்குறையை அநீதி என்று அழைத்துவிடும் பழக்கம் ரசிகர்களிடம் உண்டு. ஒரு நடிப்பு முதல்தரமானது என்று காட்ட முடிய வேண்டும். அதை மேலே வைக்கவிடாமல் தடுத்ததாகச் சொல்லப்படும் காரணங்கள், அதே விருதின் முந்தைய தீர்ப்புகளாலேயே செல்லாதவை என்று காட்ட முடிய வேண்டும். இந்த இரண்டும் கூடி வந்தால் மட்டுமே அநீதி என்ற சொல்லை இங்கே பயன்படுத்துகிறேன்.

இந்த விவாதம் குமரியில் ஏன் இவ்வளவு சூடுபிடித்தது என்பதற்கு மாவட்டத்தின் அமைப்பே காரணம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்த பகுதி இது. கல்குளம், விளவங்கோடு பக்கத்து வீடுகளில் தமிழ்ப் படமும் மலையாளப் படமும் ஒரே ஆர்வத்தோடு பார்க்கப்படுகின்றன. உடம்புக்கு முடியவில்லை என்றாலும் திருவனந்தபுரம், டிசம்பர் மாதத் திரைப்பட விழா என்றாலும் திருவனந்தபுரம் என்று பழகியவர்கள் அவர்கள். இந்திரன்ஸ் அந்த நகரத்தின் குமாரபுரத்துக்காரர். தையல்காரராக இருந்து, படங்களுக்கு உடை தைத்து, பிறகு நகைச்சுவை நடிகராகி, முதுமையில் குணச்சித்திரப் பாத்திரங்களுக்கு வந்தவர். எனவே அவர் இங்குள்ளவர்களுக்கு அண்டை வீட்டுக்காரர் மாதிரிதான். கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து நாஞ்சில்நாட்டு மக்களுக்கோ நல்லாண்டி நடித்த மாயாண்டி என்ற விவசாயி வேறொரு காரணத்தால் நெருக்கமானவர். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்த வயல்கள் தென்னந்தோப்பாகவும் வாழைத்தோட்டமாகவும் வீட்டுமனையாகவும் மாறியதைக் கண்முன்னே பார்த்தவர்கள் அவர்கள். ஊரில் நெல் போடுகிற கடைசி மனிதர் என்ற கதை அவர்களுக்குக் கற்பனையாகத் தோன்றவில்லை.

இனி விருதின் நடைமுறை. தேசிய விருதுக்குப் படம் தகுதி பெறுவது திரையரங்குக்கு வந்த நாளைக் கொண்டு அன்று, தணிக்கைச் சான்றிதழ் பெற்ற ஆண்டைக் கொண்டுதான். ஆகவேதான் 2022 பிப்ரவரி 11 அன்று வெளியான 'கடைசி விவசாயி' 2021ஆம் ஆண்டுப் பட்டியலில் இடம்பெற்றது. படங்களை முதலில் மண்டலக் குழுக்கள் பார்க்கின்றன. அவை பரிந்துரைப்பவற்றை மத்தியக் குழு பார்த்து முடிவு செய்கிறது. தெற்கில் இரண்டு மண்டலக் குழுக்கள் உண்டு. அவற்றில் ஒன்று தமிழையும் மலையாளத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. மற்றொன்று தெலுங்கு, கன்னடம், துளு ஆகியவற்றைப் பார்க்கிறது. அதாவது மாயாண்டியையும் 'ஹோம்' படத்தில் இந்திரன்ஸ் நடித்த ஆலிவர் ட்விஸ்டையும் முதலில் எடைபோட்டவர்கள் ஒரே குழுவினர். குமரிக்காரர்கள் இருவரையும் சேர்த்துப் பேசியது உணர்ச்சியால் மட்டும் அன்று. விருதின் அமைப்பே அவர்களைச் சேர்த்துத்தான் வைத்திருந்தது. அந்த ஆண்டு மத்தியக் குழுவின் தலைவர் இயக்குநர் கேத்தன் மேத்தா.

சிறந்த நடிகருக்கு அப்போது வெள்ளித் தாமரையும் 50,000 ரூபாயும் வழங்கப்பட்டன. சிறப்புக் குறிப்புக்குத் தாமரையும் இல்லை, பணமும் இல்லை, சான்றிதழ் மட்டுமே. இந்த வேறுபாடு தெரியாமலேயே பலர் 'நல்லாண்டிக்கும் தேசிய விருது கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன குறை' என்று கேட்டார்கள். குறை இருக்கிறது. ஒரு படத்தின் முழுப் பாரத்தையும் முதல் காட்சியிலிருந்து இறுதிவரை சுமந்த ஒருவரை, அந்தப் பிரிவுக்குரிய விருதில் வைக்காமல், எந்தப் பிரிவுக்கும் சேராத ஓர் ஓரத்தில் குறித்து வைப்பது கௌரவத்தின் ஒரு வடிவம்தான் என்றாலும், அவர் செய்த வேலைக்கு உரிய பெயரைக் கொடுக்க மறுப்பதும் ஆகும். அதே படம் அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படமாகவும் 'ஹோம்' சிறந்த மலையாளப் படமாகவும் தேர்வாயின என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். குழுவினர் இப்படங்களைப் பார்க்கவில்லை என்றோ குறைத்து மதித்தார்கள் என்றோ சொல்வதற்கு இடமே இல்லை. பார்த்தார்கள், மதித்தார்கள், அதன் பிறகும் இந்த இடத்தைத்தான் கொடுத்தார்கள்.

நல்லாண்டியின் நடிப்பு

உசிலம்பட்டிப் பகுதியைச் சேர்ந்த உண்மையான விவசாயி நல்லாண்டி. இயக்குநர் ம. மணிகண்டன் அவரை மாயாண்டி என்ற முதியவராக நடிக்க வைத்தார். படம் திரைக்கு வருவதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். கதை எளிமையானது. ஊரில் குலதெய்வத்துக்கு விழா எடுக்க முடிவாகிறது. படையலுக்குப் புதிதாக விளைந்த நெல் வேண்டும். இன்னும் விவசாயம் செய்துகொண்டிருப்பவர் மாயாண்டி ஒருவர்தான். அவர் நெல் போடுகிறார். வயலில் செத்துக் கிடந்த மயில்களைப் புதைக்கிறார். தேசியப் பறவையைக் கொன்றதாக வழக்குப் போட்டு அவரை உள்ளே வைக்கிறார்கள். வழக்கு என்னவென்று புரியாமல், தண்ணீர் இல்லாமல் பயிர் வாடுமே என்ற ஒரே கவலையோடு அவர் நீதிமன்றத்தில் நிற்கிறார்.

அந்த நீதிமன்றக் காட்சிகளைத்தான் இங்கே கூர்ந்து பார்க்க வேண்டும். மாயாண்டிக்குக் காது மந்தம். எதிரே இருப்பவர் கேட்ட கேள்வி அவரைச் சென்று சேரச் சிறிது நேரமாகிறது. சேர்ந்த பிறகும், கேட்டது ஒன்றாகவும் அவர் பதில் சொல்வது தமக்கு முக்கியமானதாகவும் இருக்கிறது. இந்தத் தாமதத்தை ஒரு தொழில்முறை நடிகர் செய்திருந்தால், கையைக் காதோரம் வைத்தோ கண்ணைச் சுருக்கியோ நமக்குப் புரியவைத்திருப்பார். நல்லாண்டி எதுவும் செய்வதில்லை. முகம் அசையாமல் இருக்கிறது. பிறகு பதில் வருகிறது. பயிரைப் பற்றிய பதில். குற்றம் சாட்டப்பட்டவரின் அச்சமோ நிரபராதியின் கோபமோ அந்தக் குரலில் இல்லை, வேலை கெட்டுப்போகிறதே என்ற பதற்றம் மட்டும் இருக்கிறது. மாஜிஸ்திரேட் ஒரு போலீஸ்காரரை அனுப்பி அந்தப் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சச் சொல்கிறார். அந்த உத்தரவு நமக்கு இயல்பாகத் தோன்றுகிறதென்றால், அதை இயல்பாக்கியது நல்லாண்டியின் குரல்தான். அந்த முதியவர் பொய் சொல்லத் தெரியாதவர் என்று நாம் முன்பே நம்பிவிடுகிறோம்.

விதைக்கடைக் காட்சியும் அப்படித்தான். விதை எடுத்து மறுபடி போட முடியாத தக்காளி என்று கடைக்காரர் சொல்லும்போது மாயாண்டிக்கு வருவது கொள்கைக் கோபம் அன்று. விதையே இல்லாமல் ஒன்றை உண்டாக்குவானா ஒருவன் என்ற திகைப்பு. வசனத்தை ஏற்றி இறக்கிச் சொல்லியிருந்தால் அந்தக் காட்சி மேடைப்பேச்சாகப் போயிருக்கும்.

குமரியில் நடந்த பேச்சுகளில் நல்லாண்டிக்கு எதிராக வைக்கப்பட்ட வலுவான வாதம் ஒன்றுதான், அதை நான் மதிக்கிறேன். நாடகத்தில் பல ஆண்டு நடித்த, எனக்குத் தெரிந்த ஓர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் அதை இப்படிச் சொன்னார்: வயலிலேயே பிறந்து வளர்ந்தவர் வயலில் நடந்ததற்கு நடிகர் விருதா? தாம் அல்லாத ஒன்றாகத் தம்மை மாற்றிக்கொள்வதுதான் நடிப்பு; தாமாகவே இருப்பது நடிப்பாகாது. அவருக்குப் பதில் சொன்னவர் பூதப்பாண்டிப் பக்கம் இன்னும் நெல் போடுகிற பெரியவர். 'சாரே, வயல்ல நடக்கது லேசு. பத்துப் பேரு சுத்தி நிண்ணு பாக்கச்சில நடக்கணும், அதாக்கும் பாடு. அந்தப் பாட்டா கேமராவப் பாக்கல்ல, வரப்பத்தான் பாக்காரு' என்றார் அவர்.

அவர் சொன்னதில் இந்த வாதத்துக்கான முழுப் பதிலும் இருக்கிறது என்று நினைக்கிறேன். படப்பிடிப்பு என்பது வாழ்க்கை அன்று. காட்சிகள் கதை வரிசையில் எடுக்கப்படுவதில்லை. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். ஒளிக்கும் ஒலிக்கும் காத்திருக்க வேண்டும். எதிரே நிற்பவர் உண்மையான மாஜிஸ்திரேட் அல்லர் என்று தெரிந்தும் மாஜிஸ்திரேட்டிடம் பேசுவதுபோல் பேச வேண்டும். மயில் வழக்கில் சிறைக்குப் போனவர் மாயாண்டி, நல்லாண்டி அல்லர். விஜய் சேதுபதி, யோகி பாபு போன்ற பழகிய முகங்கள் இருந்தும் படத்தின் மையம் கடைசிவரை அந்த முதியவரிடமிருந்து நகராமல் இருந்தது. தாமாகவே இருந்த ஒருவரால் இதைச் சாதிக்க முடியும் என்றால், ஊரில் உள்ள யாரை நிறுத்தினாலும் முடிந்திருக்க வேண்டும். முடியாது என்பதைப் புதுமுகங்களை வைத்துப் படம் எடுத்து முடிக்கத் திணறிய எவரும் சொல்வார்கள்.

இதில் இயக்குநரின் பங்கு பெரிது, படத்தொகுப்பின் பங்கு பெரிது என்பதும் உண்மை. ஆனால் அந்தக் காரணத்துக்காக நடித்தவரை விருதிலிருந்து விலக்க வேண்டும் என்ற கொள்கையைத் தேசிய விருது ஒருபோதும் கடைப்பிடித்ததில்லை. இதே மணிகண்டன் இயக்கிய 'காக்கா முட்டை' படத்தில் நடித்த ரமேஷ், விக்னேஷ் என்ற இரண்டு சிறுவர்களும் 2014ஆம் ஆண்டுக்கான சிறந்த குழந்தை நட்சத்திர விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். அவர்களும் நடிப்புப் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். இன்னும் நெருக்கமான சான்று 69ஆவது பட்டியலிலேயே இருக்கிறது. குஜராத்திப் படமான 'செல்லோ ஷோ'வில் நடித்த பவின் ரபாரி என்ற கிராமத்துச் சிறுவனுக்கு இதே குழு சிறந்த குழந்தை நட்சத்திர விருதைக் கொடுத்தது. பயிற்சி இல்லாத சிறுவனின் நடிப்பு நடிப்புதான் என்று ஏற்றுக்கொண்ட குழு, பயிற்சி இல்லாத முதியவரின் நடிப்புக்கு மட்டும் சான்றிதழோடு நிறுத்திக்கொண்டது ஏன் என்பதற்குப் பதில் கிடைக்கவில்லை. முந்தைய ஆண்டு, அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் பாடகி நஞ்சம்மாவுக்குச் சிறந்த பின்னணிப் பாடகி விருது கிடைத்தபோதும் முறைப்படி சங்கீதம் கற்காதவருக்கா என்று சிலர் கேட்டார்கள். அந்த ஆண்டுக் குழு அந்தக் கேள்வியைப் பொருட்படுத்தவில்லை. அதுவே சரி.

மறைந்தவருக்குக் கொடுப்பதில் தயக்கம் இருந்திருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். 2017ஆம் ஆண்டுக்கான சிறந்த நடிகை விருது 'மாம்' படத்துக்காக, மறைந்த ஸ்ரீதேவிக்கு வழங்கப்பட்டது. வயது ஒரு காரணம் என்றால், 'பிறவி' படத்துக்காகப் பிரேம்ஜி 1988ஆம் ஆண்டுக்கான விருதைப் பெற்றபோது அவருக்கு எண்பது வயது. ஆகவே இவ்விரண்டும் கணத்தில் உதிர்ந்துவிடும் காரணங்கள்.

விருதைப் பெற்றவரைப் பற்றி

அல்லு அர்ஜுனுக்குக் கொடுத்தது தவறு என்று நிறுவுவது இந்த ஆய்வின் நோக்கம் அன்று. குமரியில் நடந்த பேச்சுகளில் பலர் மாஸ் படம் என்ற ஒற்றைச் சொல்லால் அவரை ஒதுக்கினார்கள். அது நேர்மையான வாதமாகாது. சேஷாசலம் காட்டுச் செம்மரக் கடத்தலில் கூலியாகத் தொடங்கி மேலே வரும் புஷ்பராஜுக்காக அவர் ஒரு தோளைத் தூக்கிய நடையைப் படம் முழுக்கச் சுமந்தார். சித்தூர் வட்டார வழக்கைப் பேசினார். தம்முடைய அழகான நாயகத் தோற்றத்தைக் கலைத்துக்கொண்டார். உடலை வைத்துச் செய்யும் அந்த வேலைக்கு உழைப்பும் துணிவும் வேண்டும். அதற்கு விருது கொடுப்பதில் எனக்கு மனத்தடை இல்லை.

ஆனால் அவருக்குக் கொடுத்ததால் நல்லாண்டிக்குக் கொடுக்க முடியாமல் போனது என்ற விளக்கத்தை மட்டும் ஏற்க முடியவில்லை. இதே குழு இதே நாளில் சிறந்த நடிகை விருதை ஆலியா பட், கிருத்தி சனோன் என்று இருவருக்குப் பகிர்ந்தளித்தது. சிறந்த நடிகர் விருதும் பலமுறை பகிரப்பட்டிருக்கிறது: 1998இல் மம்மூட்டியும் அஜய் தேவ்கனும், 2012இல் இர்ஃபான் கானும் விக்ரம் கோகலேயும், 2019இல் தனுஷும் மனோஜ் பாஜ்பாயும், 2020இல் சூர்யாவும் அஜய் தேவ்கனும். குமரிக்காரர்களின் நினைவில் அழுத்தமாக நிற்பது 2010ஆம் ஆண்டுப் பகிர்வு. 'ஆடுகளம்' தனுஷும் 'ஆதாமின்டெ மகன் அபு' சலீம் குமாரும் அந்த ஆண்டு ஒன்றாகப் பெற்றார்கள்; ஒருவர் தமிழ், மற்றவர் மலையாளம்; அதிலும் சலீம் குமார் அதுவரை நகைச்சுவைக்கே பெயர்பெற்றவர், அந்தப் படத்தில் ஹஜ் போக ஆசைப்படும் ஏழை முதியவர். 2021ஆம் ஆண்டுக்கும் அப்படி ஒரு தீர்ப்பு வந்திருந்தால் அதற்கு முன்னுதாரணம் தேடி எங்கும் போக வேண்டியிருந்திருக்காது.

தமிழர்கள் விருது வாதத்தைத் தொடங்கினால் அது சிவாஜி கணேசனில் போய் நிற்காமல் இருப்பதில்லை. 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய–ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்காகச் சிறந்த நடிகராகத் தேர்வானவர், இந்தியாவின் சிறந்த நடிகர் விருதை ஒருமுறையும் பெறவில்லை. அந்த வருத்தம் நியாயமானது. இருந்தாலும் அதை இந்த வழக்கில் சாட்சியாக அழைக்க நான் விரும்பவில்லை. ஒவ்வொரு ஆண்டும் வேறு குழு, வேறு படங்கள். தமிழ் என்றால் டெல்லிக்கு ஆகாது என்ற பொதுக் குற்றச்சாட்டுக்கு எதிராகக் கமல்ஹாசன், விக்ரம், பிரகாஷ்ராஜ், தனுஷ், சூர்யா என்ற பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. மொழி இங்கே பிரச்சினை அன்று.

இந்திரன்ஸின் வழக்கு

'ஹோம்' 2021 ஆகஸ்டில் ஓடிடியில் வெளியானது. ரோஜின் தாமஸ் இயக்கிய அந்தப் படத்தில் ஆலிவர் ட்விஸ்ட் என்ற தந்தையாக இந்திரன்ஸ் நடித்தார். மூத்த மகன் திரைப்பட இயக்குநர். போனிலேயே மூழ்கிக் கிடப்பவன். இன்னொருவரின் தந்தை எழுதிய சுயசரிதையைக் கண்டு வியந்து, தன் தந்தை வாழ்க்கையில் அசாதாரணமாக என்ன செய்தார் என்று முகத்துக்கு நேரே கேட்பவன். மகனோடு பேச ஒரு வழி கிடைக்குமே என்று தந்தை ஸ்மார்ட்போன் பழக முயல்கிறார். மகன் சொல்லும் கடுஞ்சொல்லைக் கேட்டுவிட்டு இந்திரன்ஸ் சிரிக்க முயலும் ஓர் அரைச்சிரிப்பு உண்டு. வலியை மறைப்பதற்காக வரும் சிரிப்பு அது. மகன் குற்றவுணர்வு கொண்டுவிடக் கூடாது என்ற கரிசனமும் அதில் சேர்ந்திருக்கிறது. இரண்டையும் ஒரே முகத்தில் வைப்பது எளிதன்று. ஒடிசலான உடலை வைத்துப் பல ஆண்டுகள் சிரிக்க வைத்தவர், அதே உடலின் சுருக்கத்தைத் தந்தையின் தயக்கமாக மாற்றிக் காட்டினார். பயிற்சி இல்லாதவர் என்ற வாதம் இவரிடம் எடுபடாது; 2017ஆம் ஆண்டுக்கான கேரள அரசின் சிறந்த நடிகர் விருதை 'ஆளொருக்கம்' படத்துக்காகப் பெற்றவர் இவர்.

மார்த்தாண்டம் பக்கத்து நண்பர்கள் பலர் நல்லாண்டியைவிட இவருக்கே அநீதி அதிகம் என்று வாதிட்டார்கள். அந்த இடத்தில் என் முடிவு சற்றே வேறுபடுகிறது. 'ஹோம்' படத்தின் பிற்பகுதி, இந்தத் தந்தையும் ஒரு காலத்தில் அசாதாரணமான ஒன்றைச் செய்தவர்தான் என்று நிரூபிக்க முனைகிறது. அதுவரை சாதாரண மனிதரின் கண்ணியத்தைப் பற்றிப் பேசிவந்த படம், கண்ணியத்துக்கு ஒரு சாதனைச் சான்று தேவை என்று ஒப்புக்கொள்வதுபோல் ஆகிவிடுகிறது. இந்திரன்ஸ் அந்தப் பகுதியிலும் அடக்கத்தை விடவில்லை; ஆனால் திரைக்கதை அவருக்காகப் பேசத் தொடங்கிவிட்டதால் அவருடைய முகத்துக்கு வேலை குறைகிறது. நல்லாண்டியின் படத்தில் இந்தத் தளர்வு எங்குமே இல்லை. தேசியப் பட்டியலை மட்டும் வைத்துப் பார்த்தால், இந்திரன்ஸுக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்திருக்கலாம் என்று சொல்வேன்; கிடைத்தே ஆகவேண்டும் என்று சொல்ல மாட்டேன்.

அவருடைய வழக்கில் கனமான பகுதி டெல்லியில் இல்லை, திருவனந்தபுரத்தில் இருக்கிறது. 2022 மே மாதத்தில் அறிவிக்கப்பட்ட கேரள அரசின் விருதுகளில் சிறந்த நடிகர் விருதை பிஜு மேனனும் ஜோஜு ஜார்ஜும் பகிர்ந்துகொண்டார்கள். 'ஹோம்' படம் எந்தப் பிரிவிலும் இல்லை. படத்தின் தயாரிப்பாளர் மீது அப்போது ஒரு குற்ற வழக்கு இருந்ததால்தான் படமே ஒதுக்கப்பட்டதோ என்ற கேள்வி எழுந்தது. குழுவினர் தம் படத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று இந்திரன்ஸ் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். எல்லாப் படங்களும் பார்க்கப்பட்டன என்று அரசுத் தரப்பிலிருந்து பதில் வந்தது. காரணம் எதுவாக இருந்தாலும், ஒரு மாநிலக் குழு எதற்கும் தகுதியில்லை என்று விட்ட படத்தை அடுத்த ஆண்டே தேசியக் குழு அந்த மொழியின் சிறந்த படமாகத் தேர்ந்தெடுத்தது என்ற உண்மை பதிவில் நிற்கிறது. அந்த வகையில் தேசியக் குழு இந்திரன்ஸுக்கு ஓரளவு நியாயம் செய்தது. சொந்த மண்ணில் மறுக்கப்பட்டதில் ஒரு பங்கை அது திருப்பிக் கொடுத்தது. நல்லாண்டிக்கு அப்படித் திருப்பிக் கொடுக்க வேறு இடமும் இல்லை, இன்னொரு படமும் இல்லை. இந்திரன்ஸ் இன்னும் நடித்துக்கொண்டிருக்கிறார்; நாளைக்கே அவருக்கு ஒரு வாய்ப்பு வரலாம். நல்லாண்டியின் பெயரைப் பதிய அந்த ஒரு பட்டியல்தான் இருந்தது.

நகைச்சுவை நடிகர்களை எடைபோடும் தட்டே தனி என்ற எண்ணம் நம்மிடம் பழையது. ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணனைத் தந்த மாவட்டத்துக்கு அது நன்றாகவே தெரியும். அவர் 1957இல் மறைந்தபோது நடிப்புக்கென்று தேசிய விருதே இல்லை, அது 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கியது. ஆனால் சலீம் குமாருக்கும், 2013ஆம் ஆண்டுக்குச் சுராஜ் வெஞ்ஞாறமூட்டுக்கும் கொடுத்த பிறகு அந்தத் தடையும் உடைந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

முடிவு

பயிற்சி இல்லாதவர், மறைந்தவர், மிக முதியவர், பகிர்ந்து கொடுக்க முடியாது என்று நல்லாண்டியை விலக்கச் சொல்லக்கூடிய ஒவ்வொரு காரணத்துக்கும் தேசிய விருதின் சொந்தப் பதிவிலேயே எதிர்ச்சான்று இருக்கிறது. அவற்றுள் இரண்டு, அதே பட்டியலிலேயே இருக்கின்றன. நடிப்பின் தரத்தில் குறை என்று சொல்லவும் வழியில்லை, ஏனெனில் சிறப்புக் குறிப்பைக் கொடுத்ததன் மூலம் அந்தத் தரத்தைக் குழுவே ஒப்புக்கொண்டுவிட்டது. எஞ்சியிருப்பது ஒரு மனப்பழக்கம். பட்டியல் வெளியிடுகிறவர்களின் கண்ணில் கதாநாயகன் என்றால் நடுவயதுக்குள் இருக்க வேண்டும், பெயர் தெரிந்தவராக இருக்க வேண்டும். கிழவர் ஒருவர் படத்தின் மையமாக இருந்தாலும் அவரைச் சிறந்த நடிகர் என்று அழைக்க வாய் வருவதில்லை. பிரேம்ஜி, விக்ரம் கோகலே போன்ற தீர்ப்புகள் இந்தப் பழக்கத்தை மீறியவை. 69ஆவது குழு மீறவில்லை. ஆகவே நல்லாண்டிக்கு அநீதி நேர்ந்தது என்பதே என் முடிவு.

இது ஓர் ஆண்டோடு முடிந்த விஷயமாகவும் இல்லை. அடுத்த ஆண்டு, 70ஆவது விருதுகளில், பரிசுத்தொகை உயர்த்தப்பட்டு வெள்ளித் தாமரையோடு 2 லட்சம் ரூபாய் என்றானது. 'குல்மோஹர்' படத்தில் முக்கியப் பாத்திரத்தில் நடித்த மனோஜ் பாஜ்பாய்க்கு மறுபடியும் சிறப்புக் குறிப்பே கிடைத்தது. 2025 ஆகஸ்ட் 1 அன்று வந்த 71ஆவது பட்டியலில் சிறந்த துணை நடிகர் விருதை 'பார்க்கிங்' படத்துக்காக எம்.எஸ். பாஸ்கரும் 'பூக்காலம்' படத்துக்காக விஜயராகவனும் பகிர்ந்துகொண்டார்கள். தமிழும் மலையாளமும் மறுபடி ஒரே வரியில் வந்ததில் களியக்காவிளைக்கு இருபுறமும் மகிழ்ச்சிதான். ஆனால் 'பூக்காலம்' நூறு வயதுக் கிழவர் ஒருவரின் கதை; அந்தக் கிழவராக நடித்தவர் விஜயராகவன்; படத்தில் அவர் யாருக்கும் துணை அல்லர். அதே பட்டியலில் துணை நடிகை விருது பெற்ற ஊர்வசி, இந்தப் பகுப்பு எந்த அளவுகோலால் செய்யப்பட்டது என்று வெளிப்படையாகக் கேட்டார். விதிகளில் ஒரு சிறு திருத்தம் போதும்: முதன்மைப் பாத்திரத்தில் நடித்தவரைக் குழு மெச்சினால், அந்தப் பிரிவிலேயே மெச்ச வேண்டும், பகிர்ந்தாவது, படத்தின் மையப் பாத்திரம் யார் என்பதைப் படத்தை அனுப்புகிறவர் எழுத்தில் கொடுக்க வேண்டும், அதைக் குழு மாற்றினால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும்.